தம்மாமில் ஞாயிறு வேலை நாள்

உரிமை விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள் நான்கு பேரும் போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் பதினான்காவது ஷரத்தை மட்டும் ஆபீசில் எல்லோரும் 'தம்மாம் ஷரத்து' என்கிறார்களே, நம் கூட்டமைப்பில் சவூதியின் தம்மாம் நகரத்துக் கல்லூரி ஒன்றுகூடக் கிடையாதே, பிறகு ஏன் அந்தப் பெயர் என்றீர்கள். அதற்குள் பிரியாணி வந்துவிட்டது. பிரியாணியை ஆறவைத்துக் கதை சொல்கிறவளை யாரும் மன்னிக்கமாட்டார்கள் என்பதால் அன்று பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடுநடுவே தற்பெருமை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலிலிருந்து டைப்பிஸ்ட் விசாவில் வந்து, உரிமைப் பிரிவின் தலைவியாக ஓய்வு பெற்றவள் நான். அடக்கமாக இருந்திருந்தால் இன்னும் டைப் அடித்துக்கொண்டிருப்பேன்.

நாம் விற்பது என்ன என்று முதலில் பார்ப்போம். பத்துக் கல்லூரிகள். ஏழு அமீரகத்தில், இரண்டு ஓமானில், ஒன்று பஹ்ரைனில். பையன்களும் பெண்களும் குளிர்காலம் முழுக்கக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகச் சேனல் வாசலுக்குப் போனால் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவார். பத்தும் தங்கள் உரிமையை ஒன்றாகக் கட்டிக் கூட்டமைப்பின் கையில் கொடுத்தால் அதே சேனல் நமக்கு நாற்காலி போட்டு டீ கொடுக்கும். கட்டாக விற்பது, வந்ததைப் பத்தாகப் பிரிப்பது, பிரிக்கும்போது பத்தும் உடைந்து போகாமல் பார்த்துக்கொள்வது. நம் வேலை இவ்வளவுதான். இதில் மூன்றாவதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

கூட்டமைப்பு தொடங்கிய காலத்திலேயே துபாயின் பெரிய கல்லூரி தகராறு செய்தது. எங்கள் ஆட்டத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், எங்களுக்குப் பங்கும் அதிகம் வேண்டும், ஓட்டும் அதிகம் வேண்டும் என்று அவர்களுடைய பிரதிநிதி ஒரு டாக்டர், பெரிய படங்கள் எல்லாம் போட்டு முக்கால் மணி நேரம் விளக்கினார். மருத்துவ டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து வாங்கிய டாக்டர். என் முறை வந்தபோது எழுந்து நின்று ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

“சார், நீங்க ஜெயிக்கணும்னா யாராவது தோக்கணும்லா? உங்க கல்லூரிக்குள்ளயே ரெண்டு டீம் பிரிச்சு ஆடினா எந்தச் சேனல் வாங்கும்?”

ஒன்பது கல்லூரிக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். டாக்டரும் கடைசியில் சிரித்தார். அன்றுதான் ஒரு கல்லூரிக்கு ஒரு ஓட்டு என்ற விதி வந்தது. அட்டவணையில் தேதி மாற்றவேண்டுமானால் பத்துப் பேரும் சம்மதிக்கவேண்டும் என்ற விதியும் அதோடு சேர்ந்துகொண்டது. இந்தக் கடைசி விதி வெறும் தொந்தரவு என்றுதான் நானே அப்போது நினைத்தேன். பின்னால் அது என்னைக் காப்பாற்றியது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். எனக்கு இந்தத் தொழிலில் முதல் மேலாளராக இருந்தவர் ஒரு சூடானியர். தன் பெயரை எங்கும் எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டவர், அதனால் எழுதவில்லை. பேச்சுவார்த்தை மேஜையில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரு டீ கூடுதலாகக் கொண்டுவரச் சொல்வார். அந்தக் கண்ணாடி டம்ளர் யாரும் தொடாமல் ஆறிப்போகும். அது யாருக்கு என்று ஒரு நாள் கேட்டேன். ஆட்டத்தைப் பார்க்கிறவனுக்கு என்றார். நாம் விற்கிறோம், அவர்கள் வாங்குகிறார்கள், பார்க்கிறவனை யாரும் மேஜைக்குக் கூப்பிடுவதில்லை, ஒரு டீயாவது வைப்போம் என்றார். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் அந்த டம்ளரைப் பார்த்துப் படிப்பார். இந்த மனிதருக்கு வெயில் ரொம்ப ஏறிவிட்டது என்று நான் அறைத் தோழியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் ஊருக்குப் போன பிறகு அந்தக் கூடுதல் டீயை நிறுத்தியதும் நான்தான்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

அமீரகத்தில் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிய பிறகு வந்த ஒரு சீசன் அது. ஆட்டங்கள் தொடங்க ஒன்பது நாள்தான் இருந்தது. பழைய சேனல் விலகிவிட்டது, புதிய சேனலோடு பேசிக்கொண்டிருந்தோம். அதன் விளையாட்டுப் பிரிவுத் தலைவர் ஒரு லெபனான்காரர், வெகு மரியாதையானவர், எழுந்து நின்று கதவு திறந்துவிடுவார். எல்லாம் முடிந்து கையெழுத்துக்குப் பேனாவை எடுத்த நேரத்தில் ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னார். வாரம் இரண்டு ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஒளிபரப்புவோம், ஆனால் எல்லா ஆட்டத்தின் உரிமையும் எங்களுக்கு மட்டுமே இருக்கவேண்டும் என்றார். ஆண்கள் ஆட்டம், பெண்கள் ஆட்டம் எல்லாம் சேர்த்து.

எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. எல்லாமே வேண்டும் என்று ஒருவர் கேட்டால் நம் சரக்கு அவ்வளவு உயர்ந்தது என்றுதானே தோன்றும். அந்த வார்த்தையை என் கையாலேயே டைப் அடித்துக் கொடுத்தேன். துபாய் அல் குசைஸ் ஆபீசில் கேக் வெட்டினோம். பத்துக் கல்லூரியும் பாராட்டி மெயில் அனுப்பின. அந்த மெயில்களை நான் பிரின்ட் எடுத்து வைத்திருந்தேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

தனக்குத் தேவையில்லாததைக் கேட்டு வாங்குகிறவர் அதைக் காட்டுவதற்காக வாங்கவில்லை, வேறு யாரும் காட்டாமல் இருப்பதற்காகவே வாங்குகிறார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை செய்தவளுக்கு உறைக்கவில்லை. அதுதான் இப்போதும் கோபம்.

சீசன் தொடங்கி ஒரு மாதம் இருக்கும். மதியம் பொது எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தது, ரிசப்ஷனில் ஆள் இல்லாததால் நானே எடுத்தேன். பின்னால் இரும்பைத் தட்டுகிற சத்தம். பேசியவர் பெயர் முருகேசன். அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். தம்மாமில் கட்டட வேலைக்குச் சாரம் கட்டுகிறவர். மகள் பவித்ரா சித்தி வீட்டில் தங்கி அஜ்மான் கல்லூரியில் படிக்கிறாள், வேகப்பந்து போடுகிறாள், அதற்காகவே கல்லூரியில் ஃபீஸ் சலுகை. கடையில் கடன் கேட்க வந்தவர் மாதிரித் தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

“மேடம், பாப்பா ஆடுறது போன வருசமெல்லாம் காலேஜோட நெட் பக்கத்துல வரும். இப்ப மூணு ஆட்டமா வர மாட்டேங்குது. எம் போன்லதான் கோளாறுன்னு நெனச்சுப் புதுப் போன் வாங்கினேன். அதுலயும் வரல. எந்த இடத்துல அமுக்கணும்னு சொன்னீங்கன்னா…”

அவர் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் ஊருக்குப் போகிறவர். மகள் பந்து போட்டு நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அஜ்மான் கல்லூரியின் விளையாட்டுப் பொறுப்பாளர் ஜமால் சார் தொண்டிக்காரர். அவர் ஒரு போனை ஸ்டாண்டில் மாட்டி, தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் கலந்து தானே வர்ணனையும் சொல்லிக் கல்லூரியின் இணையப் பக்கத்தில் நேரலையாகப் போட்டுக்கொண்டிருந்தார். அதைத்தான் இந்த மனிதர் ஒரு வருடம் முழுக்கப் பார்த்திருக்கிறார். புதிய ஒப்பந்தத்தின் அந்த ஒரு வார்த்தை ஜமால் சாரின் போனை அணைத்துவிட்டது. சேனலும் காட்டவில்லை, கல்லூரியும் காட்டமுடியாது. இவரோ தன் போன்தான் சரியில்லை என்று சம்பளத்தில் இன்னொரு போன் வாங்கியிருக்கிறார்.

போனில் கோளாறு இல்லை, எங்கள் பக்கம்தான் ஒரு பிரச்சினை, சரிசெய்து நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லி எண்ணை வாங்கிக்கொண்டேன். கோளாறு நான்தான் என்று சொல்ல அன்று தைரியம் வரவில்லை.

அன்றே ஜமால் சாரைக் கூப்பிட்டேன். அவருக்கு ஏற்கனவே பல பெற்றோர் போன் செய்து திட்டியிருக்கிறார்கள். நான் நொந்துபோவேன் என்று என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். ரொம்ப சுலபமான வழி ஒன்றும் சொன்னார்.

“மேடம், நான் போன்ல எடுத்து அவருக்கு மட்டும் அனுப்பிவிட்டுர்றேன். ஒரு தகப்பன் மவளைப் பாக்குறதுக்கு யாரு வந்து கேக்கப்போறா?”

இந்த இடத்தில் நீங்கள் நின்று யோசிக்கவேண்டும். நானும் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அனுப்பியிருந்தால் முருகேசன் சந்தோஷப்பட்டிருப்பார், என் மனமும் ஆறியிருக்கும், விஷயம் முடிந்துபோயிருக்கும். ஆனால் ஒருவருக்கு அனுப்பியது ஒரு வாரத்தில் நூறு போனில் இருக்கும். அது சேனல்காரர் கண்ணில் பட்டால் ஒப்பந்தத்தை மீறியது அஜ்மான் கல்லூரி என்று ஆகும், அடிவாங்குவது பத்துக் கல்லூரியும். இது ஒரு காரணம். இன்னொன்று, என் தப்பு ஒரு முருகேசனுக்கு மட்டும் செய்ததில்லை. போன் செய்யத் தெரியாத, ஆபீஸ் எண் கிடைக்காத எத்தனையோ அப்பா அம்மாக்கள் சும்மா இருந்திருப்பார்கள். அவருக்கு மட்டும் பின்வாசலைத் திறந்துவிட்டு முன்வாசலைப் பூட்டியே வைப்பது எனக்குச் சரியாகப்படவில்லை. வேண்டாம் என்றேன். ஜமால் சாருக்கு என்மேல் வருத்தம்தான்.

சேனலுக்கு எழுதினேன். மிக மரியாதையான பதில் வந்தது: ஒப்பந்தத்தில் உள்ளபடி. அடுத்த வாரமும் எழுதினேன், அதே மரியாதை. வாரா வாரம் முருகேசனைக் கூப்பிட்டு இன்னும் ஆகவில்லை என்று சொல்வேன். பரவாயில்லைங்க மேடம் என்பார். அந்தப் பரவாயில்லை எனக்குத் திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது. இதற்கிடையில் அஜ்மான் பெண்கள் அணி ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயித்துக்கொண்டே போனது. அந்தக் கல்லூரி வரலாற்றில் முதல் முறையாக அரையிறுதிக்கு வந்தார்கள். அரையிறுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஜ்மானுக்குப் பக்கத்து மைதானத்தில், மதியம் மூன்று மணிக்கு. சேனல் தேர்ந்தெடுத்த பட்டியலில் அது இல்லை.

அந்த நேரத்தில்தான் லெபனான்காரர் முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டு வந்தார். ஆண்கள் இறுதி ஆட்டத்தை நாங்கள் ஞாயிறு என்று போட்டிருந்தோம். அதைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றித் தரமுடியுமா என்றார். பத்துப் பேரும் சம்மதித்தால்தான் மாற்றமுடியும் என்ற பழைய விதி எனக்கு நினைவுக்கு வந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பத்துக் கல்லூரிப் பிரதிநிதிகளையும் கூட்டினேன். ஆறு பேர் நேரில், நான்கு பேர் திரையில். சேனலின் வேண்டுகோளைச் சொன்னேன். ஓட்டுக்கு முன் இன்னொன்று சொல்லவேண்டும் என்று, எல்லா ஆட்டத்தையும் சேனலுக்கு மட்டுமே என்று எழுதிக்கொடுத்தது என் தப்பு, அதனால் பாதிக்குமேல் ஆட்டங்களை இந்த சீசனில் யாருமே பார்க்கமுடியவில்லை, நீங்கள் பாராட்டி அனுப்பிய ஒப்பந்தத்தில்தான் இந்த ஓட்டை இருக்கிறது என்று சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அந்த வயதில் வேலை போனால் விசாவும் போகும், அது உங்களுக்கே தெரியும்.

பெரிய கல்லூரி டாக்டர் பேசினார். எங்கள் ஆட்டங்கள் வாரா வாரம் வருகின்றன, இறுதி ஆட்டமும் எங்களுடையதாகத்தான் இருக்கும், சனிக்கிழமை எங்களுக்கு வசதி, இதற்கும் அஜ்மான் பெண்கள் ஆட்டத்துக்கும் என்ன முடிச்சு என்றார். நியாயமான கேள்விதான். முருகேசன் கதையை எடுத்துப்போட்டிருந்தால் அந்த அறையே கலங்கியிருக்கும். நான் போடவில்லை. ஒருவருடைய ஏக்கத்தைக் காட்டி ஓட்டு வாங்கினால் அடுத்த வருடம் அதைவிடப் பெரிய ஏக்கம் தேடவேண்டியிருக்கும். அதோடு, அவர் என்னிடம் கேட்டது எந்த இடத்தில் அமுக்கவேண்டும் என்றுதான், தன்னைப் பற்றிக் கூட்டத்தில் பேசச் சொல்லவில்லை. அதனால் டாக்டரிடம் வேறு மாதிரிக் கேட்டேன்.

“சார், உங்க டீம் என்னைக்கும் முதல்லயே இருக்கும்னு எழுதித் தருவீங்களா? இறங்குற வருசம் உங்க ஆட்டமும் இதே மாதிரிப் பெட்டிக்குள்ளதான் கிடக்கும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்கும்போது சம்மதித்திருந்தார். சனிக்கிழமை இறுதி ஆட்டத்துக்குப் பத்து ஓட்டும் தருகிறோம், பதிலுக்குச் சேனல் தேர்ந்தெடுக்காத ஆட்டம் எல்லாம் கல்லூரிக்கே திரும்பிவரவேண்டும் என்று முடிவானது. ஜமால் சார் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து போகும்போது என் பையை வாங்கி லிஃப்ட் வரை தூக்கிவந்தார்.

அந்த வியாழக்கிழமை சேனல் ஆபீசில் கையெழுத்து. ஞாயிறு அரையிறுதி. நடுவில் இரண்டே நாள். உள்ளே போனதும் ஆபீஸ் பையனிடம் ஒரு டீ கூடுதலாகக் கொண்டுவரச் சொன்னேன். பல வருடத்துக்குப் பிறகு. ஏன் சொன்னேன் என்று கேட்டால், பயம்தான். ஒரு தடவை அவசரத்தில் ஏமாந்தவளுக்கு இன்னொரு அவசரம் வந்திருக்கிறது என்ற பயம்.

லெபனான்காரர் எங்கள் நிபந்தனைக்கு எளிதாகவே ஒத்துக்கொண்டார். இறுதி ஆட்டம் சனிக்கிழமை கிடைப்பது அவருக்கு அவ்வளவு முக்கியம். ஏன் என்றும் விளக்கினார். அமீரகத்தில் சனி, ஞாயிறு விடுமுறை, சவூதியிலும் குவைத்திலும் பஹ்ரைனிலும் வெள்ளி, சனி. வளைகுடா முழுக்க மக்கள் வீட்டில் இருக்கிற ஒரே நாள் சனி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் போட்டால் சவூதியில் பார்க்க ஆளே இருக்காது, எல்லோரும் டூட்டியில் இருப்பார்கள் என்றார். நாங்கள் தலையாட்டினோம். பிறகு திருத்தத்தை நீட்டினார். தேர்ந்தெடுக்காத ஆட்டத்தைக் கல்லூரி நேரலையாகக் காட்டிக்கொள்ளலாம், ஆட்டம் முடிந்ததும் நீக்கிவிடவேண்டும், பதிவு எதுவும் இருக்கக்கூடாது. சின்ன விஷயம்தான் என்றார்.

எங்கள் வக்கீல் தலையசைத்தார். ஜமால் சார் முகம் மலர்ந்துவிட்டது. என் கையில் பேனா இருந்தது, மூடியும் கழற்றியாகிவிட்டது. அந்த டீ டம்ளரைப் பார்த்தேன். பழைய சூடானியர் செய்த மாதிரி அந்த வரியை டம்ளருக்கு ஒரு முறை படித்துக்காட்டினேன், மனதுக்குள்தான். டம்ளருக்கு அந்தப் பக்கம் முருகேசனை உட்காரவைத்தேன். ஞாயிறு. மூன்று மணி. தம்மாமில் அது இரண்டு மணி.

அவர் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருப்பார்.

நான் வாரா வாரம் பேசிய மனிதர். ஞாயிறு அவருக்கு வேலை நாள் என்பது இருபது வருடத்துக்கு மேல் வளைகுடாவில் இருந்த எனக்குத் தோன்றவே இல்லை. நம் விடுமுறை மாறிய நாளிலிருந்து நானும் ஞாயிறு என்றால் எல்லோருக்கும் லீவு என்று நினைக்க ஆரம்பித்திருக்கிறேன். இவ்வளவு பாடுபட்டு அவருக்காக ஒரு கதவைத் திறந்து, அவர் வரமுடியாத நேரத்தில் மட்டும் திறந்துவைக்கும்படி கையெழுத்துப் போடப்போனேன். அவரும் சொல்லியிருக்கமாட்டார். பரவாயில்லைங்க மேடம் என்றிருப்பார்.

பேனாவை மூடினேன். பதிவு கல்லூரிப் பக்கத்தில் எப்போதும் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சனிக்கிழமை இல்லை என்றேன். வக்கீல் மேஜைக்கடியில் என் காலைத் தட்டினார். லெபனான்காரர் முதல் முறையாக மரியாதையை மறந்து, ஒரு பெண்கள் அரையிறுதியின் பழைய பதிவை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டார்.

டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன். இந்த டீக்குச் சொந்தக்காரர் தம்மாமில் இருக்கிறார், ஞாயிறு அவருக்கு டூட்டி, இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை என்றேன். பெயரைச் சொல்லவில்லை. அவர் டீயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே போய் யாரிடமோ போனில் பேசினார். இருபது நிமிடம். திரும்பி வந்தவர் நின்றபடியே 'கலாஸ்', முடிந்தது என்றார், பதிவை நீக்கச் சொன்ன அந்த வரியைத் தன் பேனாவாலேயே அடித்தார். பதினான்காவது ஷரத்து அப்படித்தான் பிறந்தது. அதன்பின் நாம் போட்ட ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அது இருக்கிறது. வேறு இரண்டு கூட்டமைப்புகள் நம்மிடம் கேட்டு வாங்கித் தங்கள் ஒப்பந்தத்திலும் போட்டுக்கொண்டன. என் பெயர் அதில் எங்கும் இல்லை. ஆனாலும் அது என்னுடையது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

அன்று சாயங்காலமே முருகேசனைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை முழுவதையும் சொன்னேன், உங்கள் போனில் எப்போதும் கோளாறு இல்லை, நான் எழுதிய வார்த்தையில்தான் கோளாறு, அதனால்தான் நீங்கள் வீணாகப் போன் வாங்கினீர்கள் என்று. புதுப் போனில் பாப்பா முகம் பெரிதாகத் தெரியும் மேடம் என்றார். என்னைத் தேற்றுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை நான் மைதானத்துக்கே போனேன். ஜமால் சார் ஸ்டாண்டில் போனை மாட்டிக் குடை பிடித்துக்கொண்டு நின்றார், போனுக்கு வெயில் படக்கூடாது என்று. பவித்ராவை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். ஒல்லியான பெண், நடக்கும்போது தலை குனிந்தே இருக்கும், பந்தைக் கையில் எடுத்தால் மட்டும் நிமிரும். மூன்று விக்கெட் எடுத்தாள். கடைசி ஓவரில் ஜெயிக்க ஐந்து ஓட்டம் தேவையாக இருந்தபோது மட்டை பிடித்து ஓடினாள், ஓடி ரன் அவுட் ஆனாள். அஜ்மான் இரண்டு ஓட்டத்தில் தோற்றது. கால் காப்பைக்கூடக் கழற்றாமல் புல்லிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

ஆறரை மணி இருக்கும். என் போன் அடித்தது. முருகேசன். ஸ்பீக்கரில் போட்டேன்.

“மேடம், டூட்டி முடிஞ்சு குளிச்சிட்டு வந்துட்டேன். ரூம்ல பதினோரு பேரு உக்காந்திருக்கோம். நீங்க ஆட்டத்தப் பாத்திருப்பீங்க, தயவுசெஞ்சு ரிசல்ட்ட மட்டும் சொல்லிராதீங்க. மத்தியானத்துல இருந்து சைட்ல யாரையும் வாயைத் தொறக்க விடல.”

பவித்ரா நிமிர்ந்து என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். பாப்பா பக்கத்தில்தான் இருக்கிறாள், கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் மேடம். அவ குரலைக் கேட்டா எனக்குத் தெரிஞ்சுபோயிரும். பாத்துட்டுப் பேசுறேன்.”

பிறகு அவர் அறையில் யாரிடமோ 'ம், போடு' என்றார். போனை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. ஜமால் சாரின் குரல் தம்மாமிலிருந்து எங்களுக்குக் கேட்டது, மூன்று பாஷையிலும் வணக்கம் சொல்லி, வெயில் அதிகம் என்று சொல்லி, டாஸ் யார் ஜெயித்தது என்று சொன்னார். பதினோரு பேர் கைதட்டினார்கள்.

பவித்ரா முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“மேடம், இப்ப முத ஓவர் நான்தான் போடுவேன்” என்றாள்.